சொன்னதைச் சொல்லு

ராஜம்மா ஒன்பது வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு இரண்டு தடவை. மத்தியானச் சோற்றோடு ஒன்று, சாயங்காலச் சோற்றோடு ஒன்று. தீபாவளி, பொங்கலுக்குக்கூட லீவு கிடையாது. இத்தனைக்கும் அதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. கட்டின புருஷனும் அவன் கூடப்பிறந்த அண்ணனும் வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புருஷன் பேர் காளியப்பன். ஜொகூரில் குளுவாங் டவுனிலிருந்து ஆறு கல் தள்ளியிருந்த தோட்டத்தில், ரப்பர்த் தகடுகளுக்குப் புகைபோடும் கொட்டகையில் வேலை. அண்ணன் பேர் ஐயாசாமி. அதே தோட்டத்து ஆபீசில் பியூன். பெண்சாதி செத்து, பிள்ளைகுட்டியும் இல்லாத தனிக்கட்டை. ஆபீசுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். சோறு மட்டும் தம்பி வீட்டிலிருந்து போக வேண்டும். சண்டை வந்து பேச்சு நின்ற பிறகும் சோறு நிற்கவில்லை. ரோஷக்காரர்களுக்கு ரோஷமெல்லாம் வயிற்றுக்கு மேலேதான் போலிருக்கிறது.

ஐயாசாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய துரை சீமைக்குக் கப்பலேறும்போது வேண்டாமென்று விட்டுப்போன வெள்ளைத் தொப்பி ஒன்று அவரிடம் இருந்தது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அது தலையை விட்டு இறங்காது. சாப்பிடும்போதும் தொப்பிதான். ஆபீஸ் வாசலில் மழை அளப்பதற்கென்று ஒரு செம்புப் பாத்திரம் நட்டிருந்தார்கள். தினம் காலையில் அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எத்தனை இஞ்ச் என்று பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. எழுதி எழுதி, ஜொகூரில் பெய்கிற மழையெல்லாம் தன் பொறுப்பு என்று மனுஷனுக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. யாராவது வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல இருக்கே" என்று சொல்லிவிட்டால் போச்சு. "அத நான் சொல்லணும்! உனக்கென்னடா தெரியும்?" என்று கத்துவார்.

காளியப்பன் மட்டும் லேசுப்பட்டவனா? வளர்க்கிற கோழிகளுக்கெல்லாம் ஆபீஸ் ஆட்களின் பேரை வைத்து, "ஏய் பெரிய கிராணி, குப்பையைக் கிளறாதடா" என்று சேவலை அதட்டுகிற ஆள். ஒரு காய்ந்த மாசி மாதத்து விடியலில், விளையாட்டுக்கு, மழைப் பாத்திரத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டான். ஐயாசாமி வந்தார், அளந்தார், நாலரை இஞ்ச் என்று எழுதினார். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாதல்லவா? தொப்பியைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினார். விடியற்காலையில் ஆட்கள் எல்லாம் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம் அது. முந்நூறு பேர் முன்னால், "நாலரை இஞ்ச் மழை! இன்னைக்கு வெட்டு கிடையாது!" என்று கத்தினார். துரை பூட்ஸ் காலால் தரையை ஒரு உதை உதைத்தார். செம்மண் புழுதி முழங்கால் உயரத்துக்குக் கிளம்பியது. பெரட்டே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் காளியப்பன்.

காலடியில் புழுதி பறக்கிறதைப் பார்த்து நம்பாமல் பாத்திரத்தில் இருந்த தண்ணீரை நம்பிய மனுஷனை என்னவென்று சொல்வது! ஆனால் அவமானம் அவமானம்தானே. ஐயாசாமி காலில் கிடந்த செருப்பைக் கழற்றி, அத்தனை பேர் முன்னாலும் தம்பியைக் கன்னத்தில் நாலு அறை அறைந்தார். சண்டை அவ்வளவுதான். இப்படி ஒரு சண்டையா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ராஜம்மாவால்தான் சிரிக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் அவள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். அவள் வளர்ந்த வழக்கத்தில், புருஷனின் அண்ணன் முன்னால் நேருக்கு நேர் நின்று பேசக் கூடாது. சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கமாக ஒதுங்கி நின்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்த நாய்கிட்ட சொல்லும்மா. இன்னொரு தடவை என் பக்கம் வந்தான்னா செருப்பு இல்ல, கத்தின்னு சொல்லு."

ராஜம்மா அப்போது வெகுளி. சொல்லச் சொன்னார் என்று வந்து சொல்லிவிட்டாள். காளியப்பன் கூரைச் சந்தில் செருகியிருந்த பாராங் என்கிற வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு கிளம்பினான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் இழுபட்டாள். ஒன்பது வயசு மகள் புஷ்பவள்ளி அலறிய அலறலில் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து பாராங்கைப் பிடுங்கினார்கள்.

மறுநாளும் சோறு கொண்டுபோனாள். மறுநாளும் அதே கத்திப் பேச்சு. திரும்பி வரும்போது சாக்கடைத் தண்ணீர் ஓடும் காணோரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், "பெரியவங்க, 'தம்பி சாப்பிட்டானா'ன்னு கேட்டாங்க" என்றாள். காளியப்பன் கையில் வைத்திருந்த பாராங்கைத் திரும்பக் கூரைச் சந்தில் செருகினான். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான். "அவன் கோழி என் மழைப் பாத்திரத்துப் பக்கம் வந்தா கழுத்தத் திருகிடுவேன்னு சொல்லு" என்பார் அவர். "கோழியப் பத்திரமா பாத்துக்கச் சொன்னாங்க, கீரிப்பிள்ளை சுத்துதாம்" என்பாள் இவனிடம். "தொப்பி போட்ட கொரங்குகிட்ட சொல்லு, வாய மூடிக்கிட்டுத் திங்கணும்னு" என்பான் இவன். "சோறு பத்துச்சான்னு கேக்கச் சொன்னாரு" என்பாள் கதவுக்குப் பின்னால் நின்று. பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் முதல் வருஷத்தோடு போய்விட்டது. அப்புறம், உள்ளதைச் சொன்னால் என்ன, அதில் ஒரு ருசிகூட வந்துவிட்டது. காலையில் பால்வெட்டுக்குப் போன இடத்தில், ரப்பர் மரத்தில் கத்தி ஓடிக்கொண்டிருக்கும். மனசு அன்றைய பேச்சைச் சோடித்துக்கொண்டிருக்கும்.

அவளுடைய கெட்டிக்காரத்தனத்துக்கு இரண்டு சாட்சி சொல்கிறேன். செருப்படி பட்ட தேதியில் வருஷம் தவறாமல் காளியப்பன் மொட்டை அடித்துக்கொள்வான். "எங்கண்ணன் செத்த நாளு" என்று வீட்டுக்குள் சொல்லிக்கொண்டு தலை முழுகுவான். வெளியில் யார் கேட்டாலும் முறைப்பான். அந்த வாய்க்குப் பயந்து ஒருவரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. மொட்டைத் தலையை ஐயாசாமி ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எதுக்கு அவனுக்கு மொட்டை?" என்றார். ராஜம்மா யோசிக்கவே இல்லை. "உங்க உடம்பு நல்லாருக்கணும்னு முருகனுக்கு நேர்ந்துக்கிட்டாருங்க" என்றாள்.

அந்தப் பக்கம் ஐயாசாமி, தம்பியை அடித்த செருப்பைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். ஜோடியில் ஒன்று போய்விட்டதால் வெறுங்காலோடு நடந்தார். தொப்பியும் வெறுங்காலுமாக மனுஷன் தோட்டத்தில் வலம் வருவதைப் பார்த்துவிட்டு, "கோட்டிக்காரனுக்கு என்னாச்சு?" என்று காளியப்பன் கேட்டான். "உங்களை அடிச்ச பாவத்துக்கு இனிமே செருப்பே போடமாட்டேன்னு சொல்லிட்டாங்க. ஆணியில மாட்டி வச்சு அதப் பாத்துப் பாத்துக் கண்ணு கலங்குறாங்க" என்றாள் ராஜம்மா.

இரண்டு கிறுக்கையும் இரண்டு பாசமாக மாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. பாவம், அப்போதே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். அண்ணன் கண் கலங்குகிறார் என்று கேட்ட காளியப்பன், "அழட்டும். இன்னும் நல்லா அழட்டும்" என்று காலை நீட்டிப் படுத்தான். தம்பி மொட்டை போட்டான் என்று கேட்ட ஐயாசாமி, "இப்பதான் புத்தி வந்திருக்கு. நேர்ல வந்து கால்ல விழட்டும், பாப்போம்" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எதிராளி இறங்கிவிட்டான் என்று தெரிந்த பிறகு எவன் இறங்குவான்? இவள் ஊற்ற ஊற்ற அந்த இரண்டு பேரின் மண்டைக்கனமும் ஏறிக்கொண்டே போயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் ராஜம்மா உறுதியாக இருந்தாள். மகளை ஒரு நாள்கூடத் தூக்குச்சட்டியோடு அனுப்பவில்லை. மலேரியாக் காய்ச்சலில் பல் கிடுகிடுத்துக் கிடந்தபோதுகூட, போர்வையைச் சுற்றிக்கொண்டு தானே போனாள். "குடும்மா, நான் போய்ட்டு வர்றேன்" என்று புஷ்பவள்ளி கை நீட்டினால், "நீ இதைத் தொடாத" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள்.

புஷ்பவள்ளிக்குப் பதினெட்டு வயசானது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்துவிட்டு, யோங் பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சபாபதி என்பவர் தம் மகன் லெட்சுமணனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பையன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற வேலை. குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். புஷ்பவள்ளியும் அவனைப் பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "அந்த வீட்டுல எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசுவாங்களாம்மா?"

"பேசுவாங்கடி. நல்லா பேசுவாங்க" என்றாள் ராஜம்மா. எப்பாடு பட்டாவது இவளை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்கப்புறம் அவளுக்கு வேறு சாமி இல்லை, வேறு வேண்டுதல் இல்லை.

சபாபதி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பெண்ணின் தகப்பனுக்கு மூத்தவர் உயிரோடு இருக்கும்போது, நிச்சயதாம்பூலத் தட்டை அவர் கையாலும் தகப்பன் கையாலும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். "ஒத்துமை இல்லாத குடும்பத்துல எங்க வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்க" என்று சொல்லியனுப்பினார்.

ஒரே பாயில் இரண்டு பேரையும் உட்கார வைக்க வேண்டும்! ராஜம்மா ஒரு மாசம் படாத பாடு பட்டாள். இவனிடம், "பெரியவங்க வர்றேன்னுட்டாங்க. 'எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான் வராம யாரு வருவா'ன்னு சொல்லி அழுதுட்டாங்க" என்றாள். அவரிடம், "அவரு உங்க கையாலதான் தட்டு குடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாருங்க" என்றாள். இரண்டு பேரிடமும் கடைசியில் ஒரே வேண்டுகோள்: "பழைய பேச்ச மட்டும் எடுக்காதீங்க. அவங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்." இரண்டு பேரும் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவரை மன்னித்துவிட்ட திருப்தியில் இருந்தார்கள்.

நிச்சயத்தன்று காலையில் வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் பாய் விரித்தார்கள். சபாபதி பெண்சாதியோடும் இன்னும் நாலு பேரோடும் யோங் பெங்கிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஐயாசாமி தோய்த்த வேட்டியும் தொப்பியுமாக வந்தார். சபாபதி தொப்பியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பாயில் உட்கார்ந்தார். காளியப்பன் பாயின் அந்த முனையில் உட்கார்ந்தான். ராஜம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மகள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அவள் தோளை ஒட்டி நின்றிருந்தாள்.

ஐயாசாமி வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டைத் தூக்கினார். "காளியப்பா, நீயும் புடி" என்றார். ஒன்பது வருஷத்தில் தம்பியைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. காளியப்பன் தட்டின் விளிம்பைப் பிடித்தான். சபாபதி எதிரே கை நீட்டினார். இன்னும் ஒரு சாண் தூரம்.

அப்படியே தட்டைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் ஐயாசாமிக்கு மனசு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால் தம்பியை நாலு வார்த்தை உயர்த்திப் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது. பாழாய்ப்போன நல்ல எண்ணம்!

"சம்பந்தி, எங்களுக்குள்ள சின்ன மனஸ்தாபம் இருந்தது வாஸ்தவம்" என்று ஆரம்பித்தார். "ஆனா எந்தம்பி தங்கம். செஞ்ச தப்ப நெனச்சு, என் உடம்பு நல்லாருக்கணும்னு வருஷா வருஷம் முருகனுக்கு மொட்டை போட்டான். அத நான் மறக்க மாட்டேன்."

காளியப்பனின் கை தட்டிலிருந்து விலகியது. "யாருக்கு மொட்டை?"

"எனக்குத்தான்டா."

"உனக்கா? நீ செத்துட்டேன்னு போட்ட மொட்டைடா அது!"

தட்டிலிருந்து ஒரு வாழைப்பழம் உருண்டு விழுந்தது. ஐயாசாமியின் முகம் கறுத்துவிட்டது. "என்னடா சொன்னே?"

"நீ மட்டும் என்னவாம்? என்னை அடிச்ச பாவத்துக்குச் செருப்ப ஆணியில மாட்டிட்டு, அதப் பாத்து அழுதுக்கிட்டு வெறுங்கால்ல அலையிற ஆளுதானே!"

"யாருடா அழுதா? நீ ஆபீஸ் பக்கம் வந்தா டக்குனு எடுக்குறதுக்கு மாட்டி வச்சிருக்கேன்!"

சபாபதி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம் ஒரே சமயத்தில் வந்தது. "உனக்கு யாரு சொன்னா?" என்றார் அவர். "உனக்கு யாரு சொன்னா?" என்றான் இவன். பிறகு இரண்டு தலையும் அடுப்படிக் கதவுப் பக்கம் திரும்பின.

ராஜம்மா உள்ளேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, புருஷனின் அண்ணன் முகத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். அந்த முகத்தில் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மரு இருந்தது இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்தா வர்றத அப்படியே சொல்லியிருந்தா, ஒருத்தர் சுடுகாட்டுக்கும் ஒருத்தர் தூக்குமரத்துக்கும் போயிருப்பீங்க. இவ தகப்பன் இல்லாம நின்னுருப்பா. அதுக்குத்தான் சொன்னேன். நீங்க சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒண்ணு ஒண்ணா சொல்லட்டுமா? போன தீபாவளிக்கு நீங்க என்ன சொன்னீங்க..."

அவள் சொன்னாள். ஐயாசாமி சொன்னதில் ஒன்று, காளியப்பன் சொன்னதில் ஒன்று. சபாபதியின் பெண்சாதி, "ஐயோ, கருமம்" என்று காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டோடு ராஜம்மாவே நிறுத்திவிட்டாள். அண்ணன் தம்பி முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

ஐயாசாமி தம்பி பக்கம் திரும்பினார். "தம்பி, நீ ஒரு தடவகூட என்கிட்ட மன்னிப்புக் கேக்கலியா?"

"இல்லண்ணே. நீ?"

"நானும் கேக்கலடா. நீ கேட்டுக்கிட்டே இருக்கியேன்னுதான் நான் சும்மா இருந்தேன்."

"நானும் அப்படித்தாண்ணே இருந்தேன். இல்லன்னா எப்பவோ ஓடி வந்திருப்பேனே!"

வந்திருப்பானாம்! பாராங்கோடு வந்திருப்பான். ஆனால் அந்த நேரத்தில் அவனே அதை நம்பினான். அண்ணனும் தம்பியும் பாயில் முட்டிபோட்டுக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தொப்பி உருண்டு போய் அஞ்சடிக்குக் கீழே விழுந்தது. காளியப்பன் எழுந்துபோய் அதை எடுத்து, தன் மேல்துண்டால் தூசி தட்டி, அண்ணன் தலையில் வைத்தான். "நம்ம ரெண்டு பேரையும் ஒம்பது வருஷம் பிரிச்சு வச்சவ இவதாண்ணே" என்றான். ஐயாசாமி தலையாட்டினார்.

ராஜம்மா சபாபதியைத்தான் பார்த்தாள். "அதான் ஒண்ணாச் சேந்துட்டாங்களேங்க" என்றாள். "ஒத்துமையாயிட்டாங்க. தட்ட வாங்கிக்குங்க."

சபாபதி கெட்டவர் இல்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகவே பேசினார். "நீ நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பேம்மா, நான் இல்லேங்கல. ஆனா நாளைக்கு எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல நீதானே பேசணும்? நீ வந்து ஒண்ணு சொன்னா, அது சொன்னதா சோடிச்சதான்னு நாங்க யாருகிட்ட போயிக் கேக்குறது?" அவ்வளவுதான். கார் கிளம்பிப் போய்விட்டது.

புஷ்பவள்ளி அழவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்து, பாயில் கிடந்த தட்டில் வைத்தாள். பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, வந்தவர்களுக்காக வடித்திருந்த சோற்றை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பரிமாறினாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து காளியப்பன் பெண்சாதியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஐயாசாமிக்கு இனித் தூக்குச்சட்டி வேண்டாம்; இரண்டு வேளையும் தம்பி வீட்டு அஞ்சடியிலேயே சாப்பாடு. அந்த வருஷம் மொட்டையும் இல்லை. மழைப் பாத்திரக் கதையை அண்ணனும் தம்பியும் சேர்ந்து லயத்து ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து, அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். கேட்டால் வயிறு எரியும்!

ராஜம்மா வெள்ளனே பால்வெட்டுக்குப் போவாள், வருவாள், அடுப்படியில் சமைப்பாள். அஞ்சடிக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து காளியப்பன், "உங்கம்மாகிட்ட சொல்லு" என்பான். புஷ்பவள்ளி அஞ்சடியிலிருந்து நாலடி நடந்து அடுப்படிக்கு வந்து சொல்வாள். எந்தத் தூக்குச்சட்டியைத் தொடவிடாமல் ஒன்பது வருஷம் பிடுங்கிக்கொண்டாளோ, அது கடைசியில் மகள் கையில்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் புஷ்பவள்ளி ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். "அப்பா வெந்நீ கேக்குறாரு. அந்தச் சனியன சீக்கிரம் வைக்கச் சொல்லுன்னாரு" என்பாள், பேர் வாசிக்கிற கிராணியைப் போல. சொந்தமாக ஒரு வார்த்தை அம்மாவிடம் பேசுவதில்லை. ராஜம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தனக்கு இது வேண்டியதுதான் என்று இருந்தாள்.

நாலு மாசம் போயிற்று. ஒரு மத்தியானம் ஐயாசாமி ஒரு சேதி கொண்டுவந்தார். லெட்சுமணனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதாம். புஷ்பவள்ளி அப்போது பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த அகப்பை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு ரசத்தை ஊற்றியது. அடுப்படியில் ராஜம்மாவுக்கு எல்லாம் கேட்டது. மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கப் பயமாகவும் இருந்தது.

காளியப்பன் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல். "உங்கம்மாகிட்ட சொல்லு. பெத்த பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவ கையால ஆக்குன சோறு எனக்கு எறங்கல. இவ நாக்க அறுக்கணும். ஊமையா ஒருத்தியக் கட்டியிருந்தா எம்பொண்ணு இன்னைக்குப் புருஷன் வீட்டுல இருந்திருப்பா. போயி சொல்லு." ஐயாசாமி, "சரியாச் சொன்னே" என்றார்.

புஷ்பவள்ளி வந்தாள். நாலடிதான், ஆனால் இந்தத் தடவை நேரமானது. பலகைச் சுவருக்கும் கதவுக்கும் நடுவில் அவள் நின்றுவிட்டு வருவது ராஜம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்குக் காணோரத்தில் அப்படித்தானே ராஜம்மாவும் நின்றாள்? வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"ரசம் நல்லாருக்குன்னாரும்மா. கொஞ்சம் உப்பு மட்டும் போடச் சொன்னாரு."

நாக்கை அறுக்கிற பேச்சைக் கேட்டபோதுகூட ராஜம்மா இடத்தை விட்டு அசையவில்லை. இப்போது எழுந்து மகளின் இரண்டு கையையும் மணிக்கட்டில் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். வளையல் ஒன்று உடைந்தது.

"அவரு என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே. உப்பு..."

"எனக்குக் காது இருக்குடி. அவரு என்ன சொன்னாரு? சொன்னதைச் சொல்லு."

"விடும்மா. வலிக்குது."

"வலிக்கட்டும். இப்படித்தான்டி நானும் மொதநாளு ஆரம்பிச்சேன். 'தம்பி சாப்பிட்டானா'ன்னு ஒண்ணே ஒண்ணு. நீ அத ஆரம்பிக்காத. நாக்க அறுக்கணும்னு சொன்னா நாக்க அறுக்கணும்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாது. சொன்னதை அப்படியே சொல்லு!"

புஷ்பவள்ளி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். மண்ணள்ளிப் போட்டது, சோறு இறங்காதது, நாக்கை அறுப்பது, ஊமைப் பெண்சாதி, பெரியப்பா 'சரியாச் சொன்னே' என்றது, எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். ராஜம்மா கேட்டுக்கொண்டாள். "ம். இப்படித்தான் சொல்லணும்" என்று பிடியை விட்டாள்.

புஷ்பவள்ளி போகவில்லை. சிவந்துபோன மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அவங்க மட்டும் சொல்லலம்மா" என்றாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது."

நாலு மாசத்தில் மகள் தன் மனசில் இருப்பதை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜம்மா சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, உப்புச் சாடியை எடுத்து, "இனிமே நீயே போடு" என்று அவள் கையில் கொடுத்தாள்.